இண்டிகேட்டர் சுவிட்ச் மாட்டியதும் அணைத்த பல்ப் கண்சிமிட்ட ஆரம்பித்தது

வீட்டில் இரண்டு சுவிட்சுகளுக்கு இண்டிகேட்டர் (சுவிட்சிலேயே எரியும் குட்டி விளக்கு) தேவைப்பட்டது, இரண்டுக்கும் காரணம் நேர் எதிர். ஒன்று பாத்ரூம் லைட். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே நடையில் இருக்கிறது, ராத்திரியில் அப்பா எழுந்தால் சுவரைத் தடவி முதலில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவார், அப்புறம் பக்கத்து சுவிட்ச், கடைசியில்தான் லைட். அங்கே லைட் அணைந்திருக்கும்போது சுவிட்ச் இருட்டில் மினுக்க வேண்டும். இன்னொன்று மொட்டை மாடி லைட். சுவிட்ச் கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில், பல்ப் மேலே. எரிகிறதா இல்லையா என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது, காய்ந்த துணி எடுக்கப் போனவர் போட்டுவிட்டு வந்தால் விடியும் வரை எரிந்துகொண்டிருக்கும். அங்கே லைட் எரியும்போது சுவிட்சில் சிவப்பு தெரிய வேண்டும்.

இந்த வித்தியாசத்தை முடிவு செய்யாமல் கடைக்குப் போய் "இண்டிகேட்டர் சுவிட்ச் ஒண்ணு குடுங்க" என்றால் கையில் வருவதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நான் கவுன்டரிலேயே திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினேன். பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூ மட்டும் இருந்தால், உள்ளே இருக்கும் குட்டி நியான் விளக்கு அந்த இரண்டு முனைகளுக்கும் குறுக்கே இருக்கிறது என்று அர்த்தம், அது சுவிட்ச் அணைந்திருக்கும்போதுதான் எரியும். நியூட்ரலுக்கு (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) என்று தனியாக மூன்றாவது முனை இருந்தால் அது சுவிட்ச் போட்டதும் எரிகிற வகை. ஏசிக்கும் கீசருக்கும் போடுகிற டபுள் போல் சுவிட்சில் ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்), நியூட்ரல் இரண்டும் வந்து போவதால் அதற்கு இந்தக் குழப்பமே கிடையாது.

இது இரண்டும் வேண்டாம் என்றால் இண்டிகேட்டர் லைட் மட்டும் தனியாகக் கிடைக்கும், மாடுலர் போர்டில் ஒரு சுவிட்ச் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் விஷயம் முழுசாகப் புரிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு இரண்டே முனைகள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் கொடுத்தால் கரண்ட் இருக்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும், பழைய சன்மைக்கா போர்டுகளில் சிவப்பாக எரியுமே, அதேதான். சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் வயருக்கும் நியூட்ரலுக்கும் கொடுத்தால் பல்ப் எரியும்போது எரியும். உள்ளே வரும் ஃபேஸுக்கும் பல்புக்குப் போகும் வயருக்கும் நடுவே, அதாவது சுவிட்சின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே கொடுத்தால், சுவிட்ச் அணைந்திருக்கும்போது எரியும். இந்தக் கடைசி வகைக்கு நியூட்ரல் எங்கிருந்து கிடைக்கிறது? பல்ப் வழியாகத்தான். பல்பைக் கழற்றிவிட்டால் இண்டிகேட்டரும் அணைந்துவிடும். பின்னால் எனக்கு வந்த தலைவலி முழுவதும் இங்கே இருந்துதான்.

வேலைக்கு முன்னால் கரண்டை நிறுத்துவது பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயினை இறக்குவது போதாது. மெயினை இறக்கியதும் இன்வெர்ட்டர் "ஓஹோ, கரண்ட் போச்சு" என்று நினைத்துக்கொண்டு லைட்டுகளுக்குத் தன் கரண்டை அனுப்ப ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டில் எல்லா லைட்டும் இன்வெர்ட்டர் லைனில்தான். அதனால் முதலில் இன்வெர்ட்டரை அதன் பட்டனில் அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, அப்புறம் மெயினை இறக்கினேன். அதற்குப் பிறகும் டெஸ்டரை மட்டும் நம்பவில்லை. பக்கத்து வயரின் தூண்டலிலேயே டெஸ்டர் மங்கலாக எரியும், சில நேரம் எரிய வேண்டியபோது வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமலும் போகும். ஒரு ஹோல்டரில் இரண்டு வயர் கட்டிக் குண்டு பல்ப் மாட்டிய டெஸ்ட் லாம்ப் ஒன்று வைத்திருக்கிறேன், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அதையும் முதலில் கரண்ட் இருக்கிற பிளக்கில் எரிய வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், பல்பே ஃபியூஸ் ஆகியிருந்தால் எல்லா இடமும் பாதுகாப்பாகத்தான் தெரியும்.

நடை போர்டைக் கழற்றினால் உள்ளே எல்லாம் சிவப்பு வயர். வீடு கட்டும்போது ஒரே காயிலை வாங்கி ஃபேஸ், ரிட்டர்ன் (சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் வயர்) எல்லாவற்றுக்கும் ஓட்டியிருக்கிறார்கள். நியூட்ரல் மட்டும் கறுப்பு, எர்த் பச்சை, அந்த மட்டில் சரி. போனில் இரண்டு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு, பல்புக்குப் போகிற வயரில் மஞ்சள் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்தேன். ஃபேஸ் ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்கு லூப்பாகப் போகிறது, நடுவில் ஒன்றைக் கழற்றினால் அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் செத்துவிடும், அதனால் லூப்பின் இரண்டு நுனியும் சேர்ந்தே புது சுவிட்சின் ஃபேஸ் முனைக்குப் போக வேண்டும். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தோலை உரித்து, கம்பிகளை முறுக்கி, ஒற்றையாக வரும் நுனியை மட்டும் மடித்துச் சொருகி, ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு வயரைப் பிடித்து நன்றாக இழுத்துப் பார்த்தேன். கையோடு வராவிட்டால் சரி. லூஸாக இருக்கும் ஸ்க்ரூதான் போர்டைக் கருக்குகிறது, வேறு ஒன்றும் பெரிய மர்மம் இல்லை.

இரண்டு முனை சுவிட்ச் என்பதால் வேலை சட்டென்று முடிந்தது. கரண்டைப் போட்டேன், சுவிட்சில் ஆரஞ்சு வெளிச்சம் வந்தது, லைட் எரிந்தது, அணைந்தது. ராத்திரி அப்பா வந்து எழுப்புகிறார், "என்னடா இது, அணைச்ச லைட்டு தானா எரிஞ்சு எரிஞ்சு அணையுது?" போய்ப் பார்த்தால் சில விநாடிகளுக்கு ஒருமுறை பாத்ரூம் முழுக்கப் பளிச்சென்று ஒரு வெட்டு.

சுவிட்ச் கோளாறாக இருக்கும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நானும் தெரு முனையில் இருக்கிற வயர்மேன் அண்ணனுக்குப் போன் போட்டேன், அவர் கேட்ட முதல் கேள்வி, "ஃபேஸ் சுவிட்சுக்குத்தான வருது, நியூட்ரலைக் கட் பண்ணி வைக்கலையே?" நியாயமான கேள்விதான், நியூட்ரலில் சுவிட்ச் இருந்தால் எல்இடி பல்ப் அணைத்த பிறகும் மங்கலாக எரிய வாய்ப்பு உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் ஃபேஸ் சரியாகத்தான் இருந்தது. "அப்ப அந்த எல்இடியக் கழட்டிட்டு ஒரு குண்டு பல்பப் போட்டுப் பாருங்க தம்பி" என்றார். போட்டேன். கண்சிமிட்டல் சுத்தமாக நின்றுவிட்டது.

காரணம் இதுதான். இண்டிகேட்டர் நியானோடு தொடராக ஒன்றிரண்டு லட்சம் ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், 230 வோல்ட்டில் அதன் வழியாக ஓடுவது ஏறக்குறைய ஒரு மில்லியாம்பியர்தான். அந்தக் கரண்ட் குண்டு பல்பின் இழை வழியாகப் போனால் இழைக்கு ஒன்றும் தெரியாது, ஒரு வோல்ட் கூட அங்கே விழாது. எல்இடி பல்புக்குள் இருப்பது இழை அல்ல, ஏசியை டிசியாக்கும் ஒரு ரெக்டிஃபையர், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டர், அப்புறம் எல்இடியை எரிய வைக்கும் டிரைவர் சர்க்யூட். சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாய்க்கு அடியில் வைத்த சொம்பு மாதிரி அந்தக் கெப்பாசிட்டர் மெல்ல மெல்ல நிறைகிறது, போதுமான வோல்ட் வந்ததும் டிரைவர் விழித்துக்கொண்டு ஒரு தடவை பளிச் என்று அடிக்கிறது, சேர்ந்ததெல்லாம் தீர்ந்துவிடுகிறது, மறுபடி நிறைகிறது. வேறு மாதிரி டிரைவர் உள்ள பல்பாக இருந்தால் சிமிட்டாமல் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். சுவிட்சிலும் குற்றமில்லை, பல்பிலும் குற்றமில்லை. இந்த வகை இண்டிகேட்டர் குண்டு பல்ப் காலத்துக்கு ஏற்பட்டது, அவ்வளவுதான்.

நிவர்த்திக்கு ஆளாளுக்கு ஒரு யோசனை. பல்ப் கம்பெனியை மாற்றிப் பார் என்றார்கள், சில பல்புகளில் இது வராதுதான், ஆனால் அடுத்த முறை பல்ப் ஃபியூஸ் ஆகும்போது மறுபடி அதே தேடல். ஃபேன் கெப்பாசிட்டர் ஒன்றைப் பல்புக்குக் குறுக்கே போடு என்றார் ஒருவர். அது 2.5 மைக்ரோஃபாரட், இந்த வேலைக்கு யானை. எனக்குச் சரியாகப் பட்டது பல்புக்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை. சென்னைக்காரர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது, கடையில் கேட்டால் சின்ன மஞ்சள் டப்பா மாதிரி எடுத்துத் தருவார்கள், மேலே 104 என்றோ 0.1 என்றோ போட்டிருக்கும். 400 வோல்ட் டிசி என்று போட்ட வேறொன்றை "இதுவும் அதே வேலைதான் சார்" என்று நீட்டினால் வாங்க வேண்டாம். லைட் எரியும்போதெல்லாம் மெயின் லைனுக்குக் குறுக்கே கிடக்க வேண்டிய பொருள், அதற்கென்றே செய்தது எக்ஸ்2தான். 50 ஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு சுமார் 32 ஆயிரம் ஓம், இண்டிகேட்டரின் ஒரு மில்லியாம்பியர் அதன் வழியே போய்விடும், பல்புக்குக் குறுக்கே கிட்டத்தட்ட 30 வோல்ட்தான் மிஞ்சும், அதில் டிரைவர் விழிக்காது.

சுவிட்சுக்குப் பக்கத்தில் அல்ல, பல்ப் ஹோல்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைக்க வேண்டும், இதைக் கவனியுங்கள். சுவிட்சுக்குக் குறுக்கே வைத்தால் அணைத்த நிலையிலும் கெப்பாசிட்டர் வழியே இன்னும் அதிகக் கரண்ட் பல்புக்குப் போய்ச் சேரும், நோய் கூடிவிடும். கால்களுக்கு ஸ்லீவ் போட்டு, ஹோல்டருக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்குள் பல்பின் சூடு படாதபடி ஒதுக்கி வைத்தேன். கண்சிமிட்டல் நின்றது. முன்பு லேசாக நடுங்கிக்கொண்டிருந்த இண்டிகேட்டரும் சீராக எரிகிறது.

மொட்டை மாடி சுவிட்சில் பிரச்சினை வேறு. மூன்று முனை சுவிட்ச், அதற்கு நியூட்ரல் வேண்டும், ஆனால் படிக்கட்டு போர்டில் பிளக் பாயின்ட் எதுவும் இல்லாததால் நியூட்ரலே வரவில்லை. இங்கே வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டேன், பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டு வயர் இழுப்பது எனக்குச் சரிப்படாது, லைசென்ஸ் உள்ளவர் செய்ய வேண்டிய வேலையும் கூட. போர்டில் எர்த் வயர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, "எர்த்துல குடுத்தா எரியாதாண்ணே?" என்று கேட்டேன்.

"எரியும் தம்பி. நெறைய பேரு அப்படித்தான் குடுத்துட்டுப் போறாங்க. நான் குடுக்க மாட்டேன்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எர்த் என்பது கோளாறு வந்தால் மட்டும் கரண்ட் போகிற வழி, அதில் எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு மில்லியாம்பியருக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக இறங்கும் பிரேக்கர்) இறங்காதுதான், ஆனால் எங்கேயாவது எர்த் அறுந்துபோனால் அந்த எர்த்தோடு சேர்ந்திருக்கும் ஃபிரிட்ஜ், கிரைண்டர் உடம்பெல்லாம் இந்த இண்டிகேட்டர் வழியே ஃபேஸோடு தொடர்பில் இருக்கும், தொட்டால் சுருக்கென்று இருக்கும். பக்கத்தில் கிடைக்கிறது என்று வேறு சர்க்யூட்டின் நியூட்ரலை எடுப்பதும் இதே மாதிரி தப்பு. அவர் ஹாலிலிருந்து அதே லைட் சர்க்யூட்டின் நியூட்ரலை ஒரு சதுர மில்லிமீட்டர் கறுப்பு வயரில் இழுத்துக் கொடுத்தார். ஃபேஸ், பல்புக்குப் போகும் வயர், நியூட்ரல், மூன்றும் அதனதன் முனையில். போட்டால் சிவப்பு, அணைத்தால் இருட்டு. இந்த முறையில் இண்டிகேட்டர் கரண்ட் பல்ப் வழியாகப் போகாததால் எல்இடி சிமிட்டும் பேச்சே இல்லை. ஒன்று மட்டும், மாடி பல்ப் ஃபியூஸ் ஆனாலும் கீழே சிவப்பு எரியும். அது சுவிட்சைப் பற்றித்தான் சொல்கிறது, பல்பைப் பற்றி அல்ல.

இதற்கெல்லாம் கரண்ட் பில் ஏறுமா என்று அம்மா கேட்டார். ஒரு இண்டிகேட்டர் ஒரு மில்லியாம்பியர் என்றால் கால் வாட்டுக்கும் குறைவு, வருஷம் முழுக்க எரிந்தால் இரண்டு யூனிட், இரண்டு மாத பில்லில் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. மாடி லைட் சில ராத்திரி அணைக்காமல் கிடந்தால் ஆகிற அளவுதான், சண்டை போடுகிற அளவுக்கு இல்லை.

பாத்ரூம் பல்ப் மாற்றுகிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். நியான் குறுக்கே இருப்பதால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டருக்குக் கொஞ்சம் கரண்ட் வந்துகொண்டே இருக்கும், ஈரக் கையோடு தொட்டால் சுளீர் என்று தெரியவும் தெரியும். போர்டுக்குள், அடுத்து யார் கழற்றினாலும் கண்ணில் படும் இடத்தில், "இண்டிகேட்டர் உண்டு, பல்ப் மாற்றும் முன் இன்வெர்ட்டரையும் மெயினையும் நிறுத்தவும்" என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.