ஸ்க்ரைப் வேலைக்கு நடுவில் ஒரு சிறுகதை: இதுவரை ஆனது

போன வருடக் கடைசியில் ஆரம்பித்த சிறுகதை இப்போது இரண்டாவது திருத்தத்தில் இருக்கிறது. நீளம் சுமார் இரண்டாயிரம் வார்த்தை. பெங்களூரு அல்சூரில் வீடு, குந்தலஹள்ளி பக்கம் ஆபீஸ், ஆறாவது படிக்கும் மகள், கூடவே அத்தை. அதற்கு மேல், பார்வையற்ற மாணவர்களுக்கு ஸ்க்ரைபாகப் போய்த் தேர்வு எழுதிக் கொடுப்பதையும் விடவில்லை. இதற்குள் கதை எப்படி நகர்ந்தது, எது ஒத்து வந்தது, எது வரவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து எழுது என்று சொல்லாதவர் இல்லை. செய்து பார்த்தேன். எங்கள் வீட்டில் நான் ஐந்துக்கு எழுந்தால் அத்தையும் எழுந்துவிடுவார். "எழுந்ததுதான் எழுந்தே, அப்படியே டிகாக்‌ஷன் இறக்கிடும்மா" என்பார். அவர் மேல் தப்பில்லை, விளக்கு எரிந்தால் சமையலறை திறந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த யோசனை அதோடு சரி.

வழி கிடைத்தது நான் எதிர்பார்க்காத இடத்தில், தேர்வு அறையில்.

ஸ்க்ரைப் வேலை தெரியாதவர்களுக்கு: மாணவர் சொல்லச் சொல்ல நாம் விடைத்தாளில் எழுத வேண்டும், அவ்வளவுதான். மாணவரே ஆளைக் கூட்டி வந்தால், அந்த ஆளின் படிப்பு மாணவர் எழுதும் தேர்வுக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டி. நான் பி.காம். அதனால் எம்.ஏ. எழுதுபவர்களுக்குப் போகிறேன். மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் உண்டு என்பதால் மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். வெளியே வரும்போது கட்டைவிரல் மடங்காது. மாணவர் ஒரு வருடத்தைத் தப்பாகச் சொன்னாலும் தப்பாகவே எழுத வேண்டும், முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது. எழுதுகிற ஆசை உள்ளவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

நான் அடிக்கடி எழுதிக் கொடுப்பது கோலார் தங்கவயலில் இருந்து மாரிக்குப்பம் ரயிலில் வரும் ஒரு வரலாற்று மாணவருக்கு. விடை ஆங்கிலத்தில், எங்கள் பேச்சு தமிழில். கேள்வியைப் படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேச மாட்டார். அப்புறம் ஒரு பத்தி முழுதாக, கமா, ஃபுல் ஸ்டாப்போடு வரும். நடுவில் "அக்கா, கடைசி வரியைப் படிங்க" என்று கேட்பதுகூட அபூர்வம். கேட்டால் நேரம் போகும். தாளைத் திரும்பிப் பார்க்கிற வசதி அவருக்கு இல்லை என்பதால், பத்தியைத் தலைக்குள்ளேயே கட்டி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். நானோ வெள்ளைத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு யோசிக்கிற ஆள். என் நேரமெல்லாம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

சரி, நாமும் பார்ப்போம் என்று பீன்ஸ் நறுக்கும்போது ஒரு பத்தி என்று வைத்துக்கொண்டேன். வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பது. கதையின் முதல் வரி முன்பு இப்படி இருந்தது: "மேகங்கள் சூழ்ந்த அந்தக் காலை வேளையில், நெடுநாட்களாகத் தன் மனத்தில் கனத்துக்கொண்டிருந்த கவலையோடு ராஜம்மா தண்ணீர்க் குடத்தைச் சுமந்து வந்தாள்." அடுப்படியில் நின்று இதைச் சொல்லிப் பாருங்கள், மூச்சு பாதியில் நின்றுவிடும். பீன்ஸ் முடிவதற்குள் அது இப்படி ஆனது: "ராஜம்மா குடத்தை இறக்குவதற்குள் வாட்டர் போர்டு ஆள் மீட்டரைப் படித்துவிட்டான்." மேகமும் போச்சு, கவலையும் போச்சு. கவலை என்ன என்பது மீட்டரில் இருக்கிறதே.

கட்டி முடித்த பத்தியை மெட்ரோவில் தட்டச்சு செய்கிறேன். 2023 அக்டோபரில் பையப்பனஹள்ளிக்கும் கே.ஆர்.புரத்துக்கும் இடையில் ரயில் ஓட ஆரம்பித்த பிறகு, ஊதாப் பாதையில் இறங்கி ஏறாமல் போக முடிகிறது. உட்கார இடம் கிடைக்காது. ஒரு கை கம்பியில், ஒரு கை போனில். இந்த நிலையில் யோசிக்க வராது, ஆனால் யோசித்து வைத்ததை இறக்கி வைக்கத் தாராளமாகப் போதும்.

குரல் தட்டச்சையும் விட்டு வைக்கவில்லை. கூகுளில் தமிழுக்கு அது 2017-லேயே வந்துவிட்டது. அல்சூர் ஏரிப் பக்கம் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தேன். எழுத்துத் தமிழில் நிறுத்திச் சொன்னால் ஓரளவு பிடித்துக்கொள்கிறது, பேச்சுத் தமிழில் வசனம் சொன்னால் குழம்புகிறது. முற்றுப்புள்ளி இல்லாமல் ஒரே வாக்கியமாக நீண்டு கிடந்ததைப் பிரித்து எடுக்கவே ஒரு மாலை போனது. திருவள்ளுவர் சிலை வேறு அங்கே இருக்கிறது. பதினெட்டு வருடம் மூடிக் கிடந்து 2009-இல் திறக்கப்பட்டவர். எல்லாவற்றையும் இரண்டு அடியில் முடித்த மனிதர் பக்கத்தில் நின்று இப்படி வளவளவென்று பேச எனக்கே கூச்சமாக இருந்தது. இப்போது குரல் தட்டச்சு குறிப்புகளுக்கு மட்டும்.

திருத்துவதற்கு வழி சொன்னதும் அந்த மாணவர்தான். "கண்ணால பாத்தா உங்களுக்குத் தப்பு தெரியாது அக்கா, போனைப் படிக்கச் சொல்லுங்க" என்றார். திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் போன் வசதியான டாக்பேக்கின் குரலை அவர் கேட்கிற வேகத்தில் எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. சாதாரண வேகத்தில் வைத்துக் கேட்டேன். உணர்ச்சியே இல்லாத அந்தக் குரல் ஒரே பக்கத்தில் நான்கு தடவை "மெல்ல" என்று படித்தபோது காது கூசியது. நான்கையும் எடுத்தாயிற்று. துணி மடிக்கும்போது இதைச் செய்யலாம் என்பது கூடுதல் லாபம்.

ஒரு விதி வைத்திருக்கிறேன்: தேர்வு அறைக்கு வருபவர்களிடம் கேட்ட எதுவும் அவர்களுக்குத் தெரியாமல் கதைக்குள் வராது. ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் அனுமதி கேட்டேன். தங்கவயல் சுரங்கம் 2001-இல் மூடிய பிறகும் அந்த வரலாற்று மாணவரின் தாத்தா ஷிஃப்ட் நேரத்துக்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். சிரித்துக்கொண்டே எடுத்துக்கச் சொன்னார்.

செமஸ்டர் தேர்வு வந்துவிட்டால் கதையை மூடி வைத்துவிடுகிறேன். தினமும் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் நேரம் என்பது எனக்குச் சரிப்படவில்லை. ஆபீசில் லீவு தேர்வுக்கே சரியாகப் போகிறது. மகளுக்கும் அதே சமயம் கன்னடப் பரீட்சை வரும், ஒத்தக்ஷரம் என்கிற கூட்டெழுத்தெல்லாம் நானும் சேர்ந்து படித்தாக வேண்டும். அந்த வாரங்களில் ஒரு வரி எழுதவில்லையே என்று மனத்தைப் போட்டு உழப்புவதை விட்டதே பெரிய நிம்மதி. திரும்பி வரும்போது கதையில் யாருக்கோ காத்திருந்த இரண்டு பாத்திரங்கள் தேவையே இல்லை என்று தெரிந்தது, தூக்கிவிட்டேன்.

போன ஞாயிறு மதியம் போன் கதையைப் படித்துக்கொண்டிருந்ததை அத்தையும் கேட்டுவிட்டார். முடிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தண்ணி பில்லு கட்ட வழியில்லாதவ எதுக்குடி நெய் தோசை சுடறா?" என்றார். நியாயமான கேள்வி. தோசையை எடுத்தால் அதற்கடுத்து வரும் சண்டை நிற்காது. இந்த வார பீன்ஸுக்கு அதுதான் வேலை.