காலைல உப்புமா, அப்புறம் பஸ்

எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா முன்னாடிலாம் ஒன்பது மணிக்குதான் வருவாங்க, ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஏதாவது பண்ணிக் குடுத்து ஸ்கூல்ல விட்டுட்டு வரணும்ல. இப்போ ஏழரைக்கே கெளம்பிடறாங்க, சின்னவன் ஸ்கூல்லயே சாப்பிட்டுக்கறான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல மதுரைல ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல தமிழ்நாடு முழுக்க அரசு தொடக்கப் பள்ளிக்கெல்லாம் வந்துடுச்சு, ஒண்ணுல இருந்து அஞ்சாவது வரைக்கும். சின்னவனுக்கு புதன்கிழமை பொங்கல்னா உயிரு, உப்புமான்னா மூஞ்சிய தூக்கி வச்சிப்பானாம் (எந்த வீட்லதான் இல்ல இது).

பெரியவ ஆறாவது போயிட்டா, அவளுக்கு காலைல கிடையாது, மத்தியானம்தான். அதனால ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வச்சிட்டு வர்றாங்க.

அப்புறம் இந்த ஃப்ரீ பஸ், சாதா டவுன் பஸ்ல லேடீஸ்க்கு டிக்கெட் காசு இல்ல. மிச்சமாகுற காச பெரியவ பேர்ல போஸ்ட் ஆபீஸ்ல போடறாங்க. ஆனா பொம்பளைங்க மட்டும் நின்னா சில டிரைவரு ஸ்டாப்ப தாண்டிப் போய்தான் நிறுத்துறாராம், ஓடிப் போய் ஏறணுமாம். காசு குடுக்கலன்னா ஆளே இல்லையா என்னன்னு அக்கா கேட்டாங்க.