பிறந்தபோது 1255 கிராம்

மூன்று வருடம் ரேடியாலஜி சார்ட் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த என்னை என்ஐசியு (பிறந்த குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) டீமுக்கு மாற்றியபோது, ஒரு வாரத்தில் பழகிவிடும் என்றுதான் நினைத்தேன். நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகள் அடங்கிய சார்ட்டைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டை, அதாவது கோடை, போடுவதுதான் மெடிக்கல் கோடிங். சென்னையில் அந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், எக்ஸ்ரே சார்ட் என்றால் ஒரு பக்கம், மிஞ்சிப்போனால் இரண்டு. எடை குறைந்து பிறந்த குழந்தை எட்டு வாரம், பத்து வாரம் என்று ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குறிப்பு. அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வந்த என் முதல் சார்ட்டைப் படித்து முடிக்கவே ஒரு ஷிஃப்ட் முழுவதும் போனது.

கோடு போட்டு அனுப்பினேன். ஆடிட்டில், அதாவது என் வேலையைச் சரிபார்த்ததில், இரண்டு பிழைகள். இரண்டுமே பி07 (P07) என்ற ஒரே பிரிவில், குறைந்த எடைக்கும் குறைமாதப் பிறப்புக்குமான கோடுகளில்.

1500 கிராமுக்குக் கீழே பிறந்தால் மிகக் குறைந்த எடை என்பார்கள். அமெரிக்காவில் நோய்களுக்குக் கோடு போடப் பயன்படும் ஐசிடி-10-சிஎம் பட்டியல் அதை இன்னும் பொடியாக நறுக்குகிறது. 750 முதல் 999 கிராம் வரை பி07.03. 1000 முதல் 1249 வரை பி07.14. 1250 முதல் 1499 வரை பி07.15. கர்ப்பத்தில் இருந்த வாரக்கணக்குக்குத் தனிக் கோடு உண்டு. இரண்டும் தெரிந்தால் இரண்டையும் போட வேண்டும், எடை முதலில், வாரம் அடுத்து. இவ்வளவும் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியும். சார்ட்டுக்குள் எந்த எண்ணை எடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

குழந்தை பிறந்தது 29 வாரம் 5 நாளில். ஆனால் நான் கடைசியாகப் படித்த குறிப்புகளில் ஒன்றில் '33 வாரம்' என்று இருந்தது. பிறந்த பிறகு கழிந்த வாரங்களையும் சேர்த்துச் சொல்லும் வயது அது. அதை எடுத்து பி07.36 போட்டுவிட்டேன். போட வேண்டியது பி07.32. 29 வாரம் 6 நாள் என்றிருந்தாலும் அதேதான், முடிந்த வாரம்தான் கணக்கு.

இந்தப் பிழையைக் கேட்டதும் புரிந்துகொண்டேன். இரண்டாவதுதான் என்னை உலுக்கியது. நான் படித்த பக்கத்தில் பிறப்பு எடை 2 பவுண்டு 12 அவுன்ஸ் என்று இருந்தது. கால்குலேட்டரில் போட்டேன், 1247 கிராம். ஆகவே பி07.14. ஆடிட்டர் அக்கா பிரசவ அறைக் குறிப்பைத் திறந்து காட்டினார். அங்கே தராசில் பார்த்து எழுதியது 1255 கிராம். யாரோ அதைப் பவுண்டுக்கு மாற்றும்போது அவுன்ஸின் கடைசிக் கால்பங்கை விட்டிருக்கிறார்கள். நான் அதைத் திரும்பக் கிராமுக்கு மாற்றியதில் எட்டு கிராம் காணாமல் போய்விட்டது.

"பவுண்டைப் பார்த்தா கால்குலேட்டரை எடுக்காதம்மா. கிராம் எங்க எழுதியிருக்குன்னு தேடு," என்றார் அக்கா.

எட்டு கிராம்தான். ஆனால் 1250க்கு மேலே இருந்த குழந்தையை நான் கீழே இழுத்துவிட்டேன். டெக்சாஸ், நியூயார்க் போன்ற மாநிலங்களின் மெடிக்கெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் கொடுக்கப் பயன்படுத்தும் ஏபிஆர்-டிஆர்ஜி முறை, பிறந்த குழந்தைகளைப் பிறப்பு எடை வைத்துத்தான் பிரிக்கிறது. 1250 அங்கே ஒரு எல்லை. அதைவிட, அந்தக் குழந்தையைப் பற்றி நடக்காத ஒன்றை அதன் பதிவில் நான் எழுதிவிட்டேன் என்பதுதான் மனதை அறுத்தது.

அப்புறம் இன்னொரு குழப்பம். எங்கள் மாடியிலேயே மருத்துவர் கட்டணத்துக்குக் கோடு போடும் டீம் இருக்கிறது. அங்கே இருக்கும் தோழி, அன்றன்றைய எடையைத்தான் பார்ப்பாள். ஆபத்துக் கட்டம் தாண்டித் தேறிவரும் குழந்தை 1500 கிராமுக்குக் கீழே இருக்கும்வரை நாளுக்கு ஒரு 99478 என்ற கோடு, 1500ஐத் தொட்டதும் 99479. அவளோடு பேசிவிட்டு வந்து சார்ட்டைத் திறந்தால் எனக்குக் கை தடுமாறும். குழந்தை எவ்வளவு வளர்ந்தாலும் என் கோடு பிறந்த நிமிடத்து எடையை விட்டு நகராது.

மூன்றாவது வாரத்தில் வந்த சார்ட் வேறு மாதிரி. 32 வாரம், 1140 கிராம். வாரத்துக்கு ஏற்ற எடை இல்லை என்று யார் பார்த்தாலும் தெரியும். அம்மாவின் பிரசவக் குறிப்பில் வயிற்றிலேயே வளர்ச்சி குன்றியது என்று ஒரு வரி இருந்தது, குழந்தையின் குறிப்பில் எதுவும் இல்லை. வளர்ச்சி குன்றியதால் எடை குறைவு என்றால் எடைக்கு பி07 வராது, பி05க்குப் போக வேண்டும். வளர்ச்சி வரைபடத்தை நானே பார்த்து முடிவு கட்ட முடியாது, மருத்துவர் எழுத வேண்டும். அங்குள்ள குழு வழியாகக் கேள்வி அனுப்பினோம். 'வாரத்துக்குச் சிறியது' என்று மறுநாள் குறிப்பில் சேர்த்திருந்தார் மருத்துவர். பி05.14, அடுத்து வாரத்துக்கு பி07.35. அந்தச் சார்ட் ஆடிட்டில் ஒரு பிழையும் இல்லாமல் வந்தது.

வேறு ஆஸ்பத்திரியில் பிறந்து மாற்றப்பட்டு வந்த குழந்தைக்குப் பிறப்பைக் குறிக்கும் இசட்38 கோடு போடக்கூடாது என்பதும், குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் பாதிப்பின் கோடு கண் அத்தியாயத்தில் எச்35.1இல் இருக்கிறது என்பதும் போகப்போகக் கைவந்தன.

இப்போது சார்ட்டைத் திறந்ததும் பிரசவ அறைக் குறிப்புக்குத்தான் முதலில் போகிறேன். கிராம், வாரம், நாள் மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுத்தான் மற்ற பக்கங்கள். கடைசியில் டிஸ்சார்ஜ் எடை என்று ஒரு வரி வரும். 2300, 2450 என்று இருக்கும். என் கோடு எதற்கும் அது தேவையில்லை. ஆனாலும் தாளில் பிறப்பு எடைக்குப் பக்கத்தில் அதையும் எழுதிக்கொள்கிறேன்.