ஐந்து மைல் கோடு

அலாஸ்காவுக்கு வேட்டைக்கு நண்பன் கூப்பிட்டபோது, எனக்குத் துப்பாக்கி பிடிக்கவே தெரியாதே என்றேன். "சுடறது என் வேலை. தூக்கத்தான் ஆள் வேணும்" என்றான்.

நாங்கள் சியாட்டில்வாசிகள். அலாஸ்காவில் நெருங்கிய சொந்தம் இல்லாத வெளிமாநிலத்தார் பழுப்புக் கரடி, டால் எனும் வெள்ளைக் காட்டுச் செம்மறி, மலையாடு வேட்டைக்கு வழிகாட்டி வைத்தே ஆகவேண்டும். காரிபு மானுக்கு வேண்டாம். காட்டுக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும் குட்டி விமானம் கட்டுப்படியாகாது என்பதால் டால்டன் நெடுஞ்சாலையைத் தேர்ந்தெடுத்தோம். எண்ணெய்க் குழாய்க்காக 1974-இல் போட்ட 414 மைல் சாலை. இதன் இருபுறமும் ஐந்து மைலுக்குள் துப்பாக்கியால் வேட்டையாடக் கூடாது, வில் மட்டும்தான். ரைஃபிள்காரன் எட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

சமையலறை மேசையில் கணக்குப் போட்டோம். தின்னக்கூடிய கறி முழுவதையும் வெளியே கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். கறிக்கு முன்னால் கொம்பு வரக்கூடாது. எலும்பைக் கழித்தாலும் பெரிய ஆண் மானில் ஐம்பது கிலோ தேறும். ஆளுக்கு இருபத்தைந்து. கூடாரம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஒரே நடையில் ஆகாது. இரண்டு நடை என்றால் சுட்டபிறகு ஆளுக்கு 24 கிலோமீட்டர்!

மூன்று மாதம், இருபது பவுண்டு சோனா மசூரி பைகள் மூன்றை முதுகில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறி இறங்கினேன். "அரிசிக்குக் காத்து வாங்கிக் கொடுத்தாச்சா?" என்பாள் மனைவி.

அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அலாஸ்காவில் இறங்கி ஃபேர்பேங்க்ஸ் ஊரில் வாங்கினோம். சாலையில் வரும் கோல்ட்ஃபுட் என்ற இடத்தை விட்டால் அடுத்த 240 மைலுக்குப் பெட்ரோல் கிடையாது. கரடிக்கு மின்வேலி, செல்போனுக்குப் பதில் சாட்டிலைட் கருவி. சரி, எல்லாம் தயார் என்று நினைத்தோம்.

தரையைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. அட்டிகன் கணவாய் தாண்டி வண்டியை விட்டு இறங்கினால் புல் குமிழ்கள், பந்து பந்தாக. மேலே மிதித்தால் சாய்கிறது, நடுவில் மிதித்தால் கணுக்கால்வரை தண்ணீர். முதல் ஒரு மைலுக்கே ஒன்றரை மணி நேரம். அரிசிப் பை இதைச் சொல்லித் தரவில்லை.

மூன்றாம் நாள் பதினோரு காரிபுகள் கண்ணில் பட்டன. ஜிபிஎஸ்ஸைப் பார்த்தால் அவை நின்ற இடம் கோட்டுக்கு உள்ளே, சாலையிலிருந்து நாலரை மைலில். இந்தப் பக்கம் வரட்டும் என்று பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அவை படுத்து அசைபோட்டன. நாங்கள் ரவை உப்புமா கிண்டிச் சாப்பிட்டோம். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்து, சோம்பல் முறித்து, சாலைப் பக்கமாக நடந்து போயின.