விலை கூடிய ராடு எதற்கு? கடல் தூண்டில் நாட்குறிப்பு

மார்ச் 2

புது ராடு (தூண்டில் கோல்) வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றைவிட இன்னொன்று எட்டு மடங்கு விலை என்றால், அந்தப் பணம் எங்கே போகிறது? இரவல் வாங்கிய இரண்டு ராடுகளோடு இன்று கரையில் நின்றோம். இரண்டும் 13 அடி, 4 முதல் 6 அவுன்ஸ் ஈயக்குண்டை எறிபவை. நரம்பு சுற்றும் ஒரே ரீலை மாற்றி மாற்றிப் பூட்டினோம். 0.35 மி.மீ. தங்கூசி (நைலான் நரம்பு), அதன் முன்னால் 60 பவுண்டு தாங்கும் தடித்த நரம்பு, அதாவது லீடர். (ஈயத்தின் ஒவ்வோர் அவுன்ஸுக்கும் லீடர் 10 பவுண்டு தாங்க வேண்டும் என்ற கணக்கை நான் விடுவதே இல்லை. எறியும் வேகத்தில் நரம்பு அறுந்தால் ஈயக்குண்டு யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது.)

விலை கூடியதில் ஈயம் தூரம் போனது உண்மை. ஆனால் கூட வந்த அண்ணன் மலிவான ராடை எடுத்து, எங்கள் எல்லாரையும்விடத் தூரம் எறிந்தார். அவர் தோளைத் திருப்பும் விதம் அப்படி.

மார்ச் 3

மலிவான ராடின் முனை, ஈயம் கிளம்பிய பிறகும் ஆடிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தில் நரம்பு, அது ராடு நெடுக நுழைந்து போகும் வளையங்களில் அடித்து வேகத்தை இழக்கிறது. நல்ல கார்பன் ராடின் முனை சட்டென்று நேராகிவிடுகிறது.

ராடில் 24 டன், 40 டன் என்று போட்டிருப்பது அது தாங்கும் எடை அல்ல, கார்பன் இழையின் விறைப்பு. அதே அளவில் கண்ணாடி இழை ஏறக்குறைய 7 டன்தான். கார்பனைவிடக் கனமும் கூட. அதனால் கார்பனில் மெல்லிய, லேசான ராடு செய்ய முடிகிறது. கூடுதல் விலையில் பெரும்பங்கு இதற்குத்தான்.

மார்ச் 9

இன்று முழுக்க வளையங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலில் ராடைக் கொல்வது மீன் அல்ல, உப்பு. மலிவான ராடில் வளையத்தின் கால் நூல்கட்டுக்குள் நுழையும் இடத்தில் பழுப்புக் கறை தெரிந்தது. உள்ளே துரு பிடித்துவிட்டது. இனி எவ்வளவு கழுவினாலும் அது நிற்காது. ஒரு வளையத்துக்குள் பஞ்சை விட்டு இழுத்தேன், நார் சிக்கியது. அங்கே வளையத்தின் உள்பக்கப் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. நரம்பு அங்கேதான் உராய்ந்து தேயும், பெரிய மீன் இழுக்கும்போது அறுந்துவிடும்.

பிரெய்டு (பின்னல் நரம்பு) போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உப்பும் மணலும் ஏறிய பிரெய்டு, மட்டமான வளையத்தில் பள்ளமே அறுத்துவிடும். சிலிக்கன் கார்பைடு என்ற மிகக் கடினமான பீங்கான் வளையம் அப்படித் தேயாது. வளையத்தைத் தாங்கும் சட்டம் டைட்டானியம் என்றால் துருப் பயமும் இல்லை. ரீல் பூட்டும் இடமும் அப்படித்தான். திருகு தளர்ந்து ரீல் ஆடினால், ராடு எத்தனை டன் கார்பனாக இருந்து என்ன?

பணம் போட வேண்டிய இடம் இதுதான். கடைகளில் டன் கணக்கைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். வளையம் எதனால் ஆனது என்று நாம்தான் கேட்க வேண்டும்.

மார்ச் 16

சரி, 40 டன் யாருக்கு? நாள் முழுக்க ராடைக் கையிலேயே பிடித்து, செயற்கை இரையை எறிந்து இழுத்துக்கொண்டே இருப்பவருக்கு. நூறு கிராம் குறைந்தாலும் மாலையில் மணிக்கட்டு அதைச் சொல்லும். இரையைப் போட்டுவிட்டு ராடை ஸ்டாண்டில் சாய்த்து வைப்பவருக்கு அந்த லேசால் என்ன பயன்? ஸ்டாண்டுக்குக் கை வலிக்காது.

மார்ச் 23

பாறை மேல் நின்ற ஒருவருடைய விலை உயர்ந்த ராடு கண்ணெதிரே ஒடிந்தது. மீன் காலடிக்கு வந்ததும் ராடை நேர் செங்குத்தாகத் தூக்கினார். வளைவு மொத்தமும் முனைக்குப் போய்விட்டது. மனம் கனத்துவிட்டது, பாவம். விறைப்பு கூடக் கூட, ஒடியும் முன் கார்பன் வளையும் அளவு குறைகிறது. பாறையில் ஒருமுறை இடிபட்டாலும் உள்ளே காயம் தங்கிவிடும். கண்ணாடி இழை இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். படகிலிருந்து நேராகக் கீழே இறக்கிப் பிடிப்பவர்களுக்கு நான் இன்றும் அதையேதான் சொல்வேன்.

அப்புறம், கார்பனில் மின்சாரம் பாயும். இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு விலக வேண்டும். மின்கம்பிக்குக் கீழே அதைத் தூக்கிக்கொண்டு நடக்கவே கூடாது.

மார்ச் 30

வாங்கிவிட்டேன். நடுத்தர விலை, சாதாரண கார்பன், சிலிக்கன் கார்பைடு வளையங்கள், இறுக்கமான ரீல் பூட்டு. மிச்சப் பணத்தில் புது நரம்பும் லீடரும் நிறைய ஈயமும் வாங்கினேன். அடுத்த வாரம் அண்ணனிடம் எறியக் கற்றுக்கொள்ளப் போகிறேன். ஆளில்லாத மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்.