சுருட்டும் வீட்டு வறுவல் கோப்பியும்

மலேசியாவின் ஜொகூரில், குளுவாங்கில் இருந்துகொண்டு லிபெரிக்கா வகைக் கோப்பிக் கொட்டையை வீட்டில் வறுக்காமல் இருக்க எனக்கு மனசு வராது. குவாலிச் சட்டியில் மிதமான தீ, கை ஓயாமல் கிளறணும். பச்சை மஞ்சளாகி, படபடவென வெடிக்கத் தொடங்கியதும் கண்ணை எடுக்கவே கூடாது, நொடிக்கு நொடி கறுக்கும். முறத்தில் கொட்டிப் புடைத்து ஆற்றுங்க. அன்றே அரைக்காதீங்க, ஒரு நாளாவது வாயு அடங்கட்டும்.

சுருட்டோடு குடிக்கச் சீனி போடாத கோப்பி ஓ, அதாவது பால் இல்லாத கறுப்புக் கோப்பிதான். கடைத்தூள் பெரும்பாலும் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது, சுருட்டின் ருசியை அமுக்கிவிடும். மேலே கருத்த மடுரோ இலை சுற்றிய சுருட்டுக்கு நல்ல கறுப்பு வறுவல், வெளிர் கனெக்டிகட் இலை சுற்றியதற்கு இளவறுவல். புகையை உள்ளே இழுக்காதீங்க. வாயில் நிறுத்தி விட்டுட்டு, அப்புறம் ஒரு மிடறு.

2019 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை. அதனால் தோட்டத்து நண்பர்களே, ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கே வாங்க, நேற்று வறுத்தது தயாரா இருக்கு.