ஆப்பிரிக்கா போய் வந்தவருக்கு மாஸ்டர் செக்கப் எதற்கு?

கம்பாலா, லாகோஸ், கின்ஷாசா என்று எங்கே வேலை பார்த்துவிட்டு வந்தாலும் சரி, சென்னை லேப்காரர்கள் நம் தலையில் கட்டுவது மாஸ்டர் செக்கப் பேக்கேஜைத்தான். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, ஈசிஜி. அங்கிருந்து கூடவே வந்த கிருமி எதுவும் இதில் மாட்டாது. "பேக்கேஜ்ல அதெல்லாம் வராது சார், டாக்டர் சீட்டு கொண்டாங்க" என்று கவுன்டரில் சொல்லி அனுப்பிய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. டெஸ்டின் பெயரையும் அதற்கான நேரத்தையும் நாமே தெரிந்துகொண்டு போவதுதான் வழி.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கார்டு சரியாக இருந்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் கார்டு செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும். பழைய கார்டில் 10 வருடம் என்று இருந்தாலும் கவலையில்லை. கார்டே இல்லாவிட்டால், அந்த நாட்டை விட்டுக் கிளம்பி 6 நாள் ஆகும்வரை தனிமையில் வைக்கலாம்.

வந்த பிறகு காய்ச்சல் அடித்தால்தான் உண்மையான தலைவலி. இங்கே முதலில் எழுதுவது டெங்கு டெஸ்டும், டைஃபாய்டுக்கான வைடால் ரத்த டெஸ்டும். வைடால் லேசாகக் காட்டினாலே டைஃபாய்டு மாத்திரை ஆரம்பமாகிவிடும். ஃபால்சிபாரம் மலேரியா என்றால் அதற்குள் ஆளைச் சாய்த்துவிடும். நம் ஊரில் அதிகம் பார்ப்பது வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா. ஆப்பிரிக்காவிலிருந்து வருவது பெரும்பாலும் ஃபால்சிபாரம், அதற்குக் குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மாத்திரை எடுபடாது. எனவே போன நாட்டின் பெயரை முதல் வாக்கியத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கேட்க வேண்டியது ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் திக் ஸ்மியர், தின் ஸ்மியர், கூடவே ஒரு சொட்டு ரத்தத்தில் உடனே முடிவு காட்டும் மலேரியா கார்டு டெஸ்ட். ஒரு நெகட்டிவை நம்பக் கூடாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறை பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவரிடம் கொடுக்காதீர்கள். அந்த பர்ப்பிள் மூடி டியூப் அவர் பையில் ஊரெல்லாம் சுற்றிவிட்டு லேபுக்குப் போய்ச் சேர்வதற்குள் கிருமியின் உருவம் மாறிவிடும், எந்த வகை என்று சொல்வது கஷ்டம். மாநகராட்சி சுகாதார நிலையத்தில் ஸ்மியர் இலவசம். கார்டு டெஸ்டில் இன்னொரு கோளாறு: அங்கேயே மருந்து சாப்பிட்டு மலேரியா குணமானவருக்கும் அது சில வாரம் பாசிட்டிவ் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மருந்து வேண்டாம், ஸ்மியர் பாருங்கள்.

விக்டோரியா ஏரியிலோ மலாவி ஏரியிலோ இறங்கியவர்கள், தண்ணீரிலிருந்து தோல் வழியாக உடம்பில் புகும் ஷிஸ்டோசோமா என்ற புழுவுக்கு டெஸ்ட் எடுக்க வேண்டும், ஆனால் வந்த வாரமே எடுப்பது தண்டச் செலவு. கடைசியாகத் தண்ணீரில் இறங்கி 8 முதல் 12 வாரம் ஆக வேண்டும். சிறுநீரில் முட்டை அதிகம் வருவது காலை 10 முதல் மதியம் 2 மணிக்குள். லேபோ விடிகாலை முதல் சிறுநீரைத்தான் கேட்கும்! இது நம் ஊர் வியாதி இல்லை. எல்லா லேபிலும் செய்வதில்லை. போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், வீண் அலைச்சல் மிச்சம்.

ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினைப் பார்த்துவிட்டு மடித்து வைப்பது நம் வழக்கம். ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு வரியையும் பாருங்கள். எண்ணிக்கை 500ஐத் தாண்டினால் புழு இருக்கிறதா என்று தேட வேண்டும், மலத்தை வேறுவேறு நாளில் மூன்று முறை கொடுத்து. இங்கே ஈசினோஃபில் கூடினால் ஒன்று 'டஸ்ட் அலர்ஜி' என்பார்கள், இல்லையென்றால் யானைக்கால் மாத்திரையான டிஇசியை எழுதுவார்கள். காங்கோ, கேமரூன், காபோன், நைஜீரியா பக்கம் இருந்தவர்கள் அதை உடனே விழுங்கிவிடாதீர்கள். லோவா லோவா புழு ரத்தத்தில் அதிகம் இருந்தால் டிஇசி மூளையைப் பாதிக்கும். யானைக்காலுக்கு இரவு ரத்தம் எடுப்பார்கள். லோவா லோவா பகலில்தான் தெரியும். நண்பகல் ரத்தத்தில் ஸ்மியர் பார்த்து ரிப்போர்ட் வரும்வரை மாத்திரை அட்டை பிரிக்காமல் இருக்கட்டும்.